மனநோய் ஸ்கேனில் தெரியுமா? ஒரு நூறு வருடக் கதை

"தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பாத்தாச்சு. மூளையில ஒண்ணுமில்லைன்னு சொல்லிட்டாங்க."

எக்ஸ்ரே பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தவன் நான். இந்த வாக்கியத்தை எத்தனையோ தாய் தகப்பன் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன். சிலர் சந்தோஷமாகச் சொல்வார்கள். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்வார்கள். கட்டி கிட்டி எதுவும் இல்லை என்ற நிம்மதி ஒரு பக்கம். அப்படியானால் பையன் ஏன் மூன்று மாதமாகக் குளிக்காமல், சுவரைப் பார்த்துப் பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்ற கேள்வி இன்னொரு பக்கம். "ஒண்ணுமில்லை" என்ற அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்கள் தீர்ப்பே எழுதிவிடுவார்கள். கொழுப்பு, சோம்பேறித்தனம், செல்லம் கொடுத்துக் கெடுத்த அம்மா, இல்லாவிட்டால் செய்வினை.

ஸ்கேனில் ஒன்றும் தெரியாமல் இருப்பதும் மூளையில் ஒன்றும் இல்லாமல் இருப்பதும் வேறு வேறு விஷயங்கள். இது புரிவதற்கு மருத்துவ உலகத்துக்கே நூறு வருடம் பிடித்தது. அந்தக் கதையைத்தான் இன்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். காபி கலந்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

1895 நவம்பரில் ஜெர்மனியின் வூர்ஸ்பர்க் நகரில் ரான்ட்ஜன் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தார். சில மாதங்களுக்குள் உலகெங்கும் உடைந்த எலும்பையும் உடம்புக்குள் தங்கிவிட்ட துப்பாக்கிக் குண்டையும் படம் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மூளை மட்டும் அகப்படவில்லை. எக்ஸ்ரே என்பது அடிப்படையில் ஒரு நிழல்படம். எலும்பு கதிரை நிறையத் தடுக்கும், சதை கொஞ்சம் தடுக்கும், காற்று தடுக்கவே தடுக்காது. மூளை, அதில் ஓடும் ரத்தம், அதைச் சுற்றியுள்ள நீர் ஆகிய மூன்றும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தடுக்கும். போதாக்குறைக்கு எல்லாவற்றையும் மூடிக்கொண்டு கெட்டியான மண்டை ஓடு. ஆகவே தலைக்கு எடுத்த படத்தில் ஒரு வெள்ளைச் சட்டி தெரியும். சட்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

உயிரோடு இருப்பவரின் மூளையைப் பார்க்க முடியாது, இறந்தபின் பார்க்கலாம் என்பதே அன்றைய நிலை. அப்படிப் பார்த்தவர்களில் ஒருவர் அலோய்ஸ் அல்சைமர். 1901ல் பிராங்க்ஃபர்ட் மனநல மருத்துவமனையில் அகஸ்டே டீட்டர் என்ற 51 வயதுப் பெண்ணைச் சேர்த்தார்கள். கணவர்மேல் வீண் சந்தேகம், ஞாபக மறதி, தன் பெயரையே எழுத முடியாத தடுமாற்றம். 1906 ஏப்ரலில் அவர் இறந்துபோனார். அப்போது மூனிக்கில் இருந்த அல்சைமர் அந்த மூளையை வரவழைத்து, மெல்லிய சீவலாக வெட்டிச் சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்த்தார். செல்களுக்கு வெளியே படிவுகள், உள்ளே முறுக்கிக்கொண்ட நார்கள். அதே வருடம் நவம்பரில் டியூபிங்கனில் நடந்த கூட்டத்தில் அதைச் சொன்னார். கூடியிருந்தவர்கள் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை.

இதே வேலையை மனச்சிதைவு நோயாளிகளின் மூளையிலும் செய்து பார்த்தார்கள். மனச்சிதைவு என்று இங்கே நான் சொல்வது ஸ்கிசோஃப்ரினியாவை. யாரும் பேசாத குரல் காதில் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்கிறார்கள் என்ற நம்பிக்கை, நாளாக ஆக எதிலும் பிடிப்பில்லாமல் ஒடுங்கிப்போவது. நுண்ணோக்கியில் உருப்படியாக ஒன்றும் அகப்படவில்லை. ஒருவர் கண்டதை அடுத்தவர் மறுத்தார். இதனால் ஒரு வேடிக்கையான பிரிவினை ஏற்பட்டது. உறுப்பில் கோளாறு தெரிந்தால் அது நரம்பு மருத்துவரின் நோய், தெரியாவிட்டால் மனநல மருத்துவரின் நோய். கண்ணுக்குத் தெரிவதை வைத்து நோய்க்கு எல்லை போட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

உயிருள்ளவரின் தலைக்குள் முதலில் பார்க்க வழி செய்தவர் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் இருந்த வால்டர் டாண்டி. வருடம் 1918. மூளைக்கு நடுவே நீர் நிறைந்த அறைகள் உண்டு. அந்த நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்தினால் எக்ஸ்ரேயில் அறைகள் மட்டும் கறுப்பாகத் தெரியும். ஓர் அறை நசுங்கியிருந்தால் பக்கத்தில் கட்டி. பெருத்திருந்தால் நீர் தேக்கம் அல்லது மூளைச் சுருக்கம். முதலில் மண்டையில் துளை போட்டுச் செய்தார். அடுத்த வருடமே முதுகுத்தண்டில் ஊசி போட்டுக் காற்றேற்றும் முறைக்கு வந்துவிட்டார்.

எழுபதுகளின் கடைசியில் பயிற்சியில் இருந்தபோது இதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நோயாளியை உட்காரவைத்து, இடுப்புக்குப் பின்னால் ஊசி ஏற்றி, கொஞ்சம் நீர் எடுப்பார்கள், கொஞ்சம் காற்று விடுவார்கள். காற்று மேலே ஏறி மூளைக்குள் போகும். பிறகு ஆளை முன்னே சாய்த்து, பின்னே சாய்த்து, ஒவ்வோர் அறைக்கும் காற்றை நகர்த்தி நகர்த்திப் படம் எடுக்க வேண்டும். தலை வெடிக்கிற மாதிரி வலிக்கும், வாந்தி வரும். எங்கள் சீனியர் ஒரு கையில் ஃபிலிம் கேசட்டும் மறு கையில் டிரேயுமாக நிற்பார். வந்தவர் இரண்டு மூன்று நாள் தலையைத் தூக்க முடியாமல் படுத்திருப்பார். கட்டி இருக்கிறது என்று சந்தேகம் உள்ளவருக்கு இதைச் செய்யலாம். நல்ல தேகத்தோடு இருப்பவரை, "ஒப்பிட்டுப் பார்க்க நீங்களும் வாருங்கள்" என்று எப்படிக் கூப்பிடுவது? இந்த இடைஞ்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பின்னால் வரும்.

1927ல் ஜெர்மனியின் ஜேனா நகரில் ஜேகோபி, விங்க்ளர் என்ற இரண்டு மருத்துவர்கள், நாள்பட்ட மனச்சிதைவு நோயாளிகள் சிலருக்கு இப்படிக் காற்றேற்றிப் படம் எடுத்தார்கள். பெரும்பாலோருக்கு மூளையின் அறைகள் பெருத்திருந்தன என்று எழுதினார்கள். ஆனால் சரியான அளவு எது என்பதற்கு ஆரோக்கியமானவர் படம் வேண்டுமே! அது இல்லாததால் கண்டுபிடிப்பு அப்படியே கிடப்பில் போயிற்று. அதே ஜேனா மனநல மருத்துவமனையில்தான் ஹான்ஸ் பெர்கர் இருந்தார். 1924ல் மனிதத் தலையிலிருந்து முதல்முதலாக ஈ.ஈ.ஜி. பதிவு செய்தவர். இளம் வயதில் ராணுவத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் தப்பினாராம். அன்று மாலையே, தொலைவில் இருந்த சகோதரிக்கு மனசு சரியில்லை என்று வீட்டிலிருந்து தந்தி வந்ததாம். மனத்திலிருந்து மனத்துக்குச் செய்தி போகும் என்று நம்பி, அதைத் தேடப்போய் அகப்பட்டதுதான் மூளையின் மின்னலை. தேடியது கிடைக்கவில்லை, வலிப்பு நோய்க்கு இன்றுவரை உதவும் ஒரு கருவி கிடைத்தது.

அதே 1927ல் போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் ஏகாஸ் மோனிஸ் என்ற நரம்பு மருத்துவர், கழுத்து ரத்தக்குழாயில் எக்ஸ்ரேயைத் தடுக்கும் அயோடின் கலந்த மருந்தைச் செலுத்தி, மூளையின் ரத்தக்குழாய்களைப் படம் பிடித்தார். ஆஞ்சியோகிராம் என்று இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்கிறோமே, மூளையைப் பொறுத்தவரை அதற்குப் பிள்ளையார் சுழி போட்டவர் அவர். அருமையான வேலை. அதற்கு நோபல் பரிசு வரவில்லை. 1935ல் அவர் இன்னொன்று செய்தார். மனநோயாளிகளின் மண்டையில் துளையிட்டு, மூளையின் முன்பகுதிக்குப் போகும் நரம்பு நார்களை வெட்டினார். 1949ல் அதற்குத்தான் நோபல் கொடுத்தார்கள்.

அமெரிக்காவில் வால்டர் ஃப்ரீமன் அதையே லோபாட்டமி என்று ஊர் ஊராகக் கொண்டுபோனார். மேல் கண்ணிமைக்கு அடியில், ஐஸ் உடைக்கும் ஊசி போன்ற கம்பியை உள்ளே தட்டி, இடமும் வலமும் அசைப்பது முறை. இவர் ஆரம்பத்தில் வாஷிங்டனில் செயின்ட் எலிசபெத்ஸ் என்ற பெரிய மனநல மருத்துவமனையின் ஆய்வகத்தில், இறந்த நோயாளிகளின் மூளையில் வித்தியாசம் தேடித் தேடி ஒன்றும் காணாமல் சலித்தவர். கண்ணுக்குத் தெரியாத கோளாறைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டித் திருத்தப் பார்த்தார்கள். வெட்டியது எங்கே என்றுகூட அன்று யாருக்கும் தெரியாது. 1952ல் பாரிஸிலிருந்து குளோர்ப்ரோமசின் மாத்திரை வந்த பிறகே அந்தக் கம்பி மெல்ல ஓய்ந்தது.

வெட்டாதவர்கள் மட்டும் சும்மா இருந்தார்களா? மூளையில் ஒன்றும் தெரியவில்லை என்றால் குற்றவாளி வேறு எங்கோ இருக்க வேண்டும் அல்லவா? 1948ல் ஃப்ரீடா ஃப்ரோம் ரைக்மன் என்ற மனப்பகுப்பாய்வு மருத்துவர், 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்ற பொருளில் ஒரு சொல்லை எழுதினார். எழுதியவரும் ஒரு பெண்தான். அந்தச் சொல் அமெரிக்காவில் இருபது, முப்பது வருடம் ஆட்சி செய்தது. அன்பில்லாத தாய், அல்லது அளவுக்கு மீறி அணைத்த தாய். எப்படி இருந்தாலும் தாய். பிள்ளைக்குக் குரல் கேட்கிறது என்று அழைத்துவந்த அம்மாவைக் கூண்டில் ஏற்றினார்கள். வியாதியோடு பழியும் சேர்ந்து வீட்டுக்குப் போயிற்று. நம் ஊரில் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்த அதே காலம்தான். பழி போடும் விஷயத்தில் படித்த நாடு, படிக்காத நாடு என்ற வித்தியாசம் இல்லை போலிருக்கிறது.

இனி நான் சொல்ல மிகவும் ஆசைப்படும் மனிதருக்கு வருகிறேன்: காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட். 1919ல் இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. உலகப்போரில் விமானப்படையில் ரேடார் கற்றுக்கொண்டு, பிறகு இ.எம்.ஐ. கம்பெனியில் சேர்ந்தார். நம் வீடுகளில் எம்.எஸ். பாடிய இசைத்தட்டின் நடுவே குழல் முன்னால் ஒரு நாய் உட்கார்ந்திருக்குமே, அந்த எச்.எம்.வி.யின் தாய்க் கம்பெனி. பீட்டில்ஸ் பாட்டில் சம்பாதித்த பணத்தில்தான் ஸ்கேன் பிறந்தது என்று ஒரு கதை உலவுகிறது. கேட்க நன்றாக இருக்கும். உண்மையில் கம்பெனி போட்டதைவிட பிரிட்டிஷ் சுகாதாரத் துறை போட்ட பணம்தான் அதிகம்.

1967ல் அவருக்கு வந்த யோசனை இது. ஒரு பெட்டியைத் திறக்காமல் உள்ளே இருப்பதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரே கோணத்தில் கதிரைச் செலுத்தினால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த நிழல்தான் கிடைக்கும். சுற்றிச் சுற்றி எல்லாக் கோணத்திலிருந்தும் செலுத்தி, ஒவ்வொரு முறையும் எவ்வளவு கதிர் மறுபக்கம் வந்தது என்று குறித்துக்கொண்டே போனால்? கணக்குப் போட்டு, உள்ளே ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு தடுத்தது என்று சொல்லிவிடலாம். ஆயிரக்கணக்கான சமன்பாடுகள். மனிதன் போட முடியாது, கம்ப்யூட்டர் போடும்.

இதே கணக்கை அமெரிக்காவில் ஆலன் கார்மக் என்ற தென்னாப்பிரிக்க இயற்பியலாளர் 1963, 64லேயே போட்டு வெளியிட்டிருந்தார். எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பனிச்சரிவை ஆராயும் சுவிட்சர்லாந்து நிலையம் ஒன்றிலிருந்து விசாரித்து எழுதினார்களாம். ஹவுன்ஸ்ஃபீல்டுக்கு இவரைப் பற்றித் தெரியாது.

ஹவுன்ஸ்ஃபீல்டின் முதல் கருவி ஒரு பழைய லேத் பட்டறை மேடை. ஒரு பொருளைப் படமெடுக்க ஒன்பது நாள், கணக்குப் போடக் கம்ப்யூட்டருக்கு இரண்டரை மணி நேரம். பாதுகாத்து வைத்திருந்த மனித மூளையை முதலில் வைத்துப் பார்த்தார். பிறகு கசாப்புக் கடையிலிருந்து மாட்டு மூளை வாங்கி வந்து பார்த்தார். மூளையின் சாம்பல் பகுதியும் வெள்ளைப் பகுதியும் தனித்தனியாகத் தெரிந்தன. ரான்ட்ஜன் காலத்திலிருந்து ஒரே சாம்பலாகக் கிடந்த இடத்தில் முதல்முறையாக வேறுபாடு தெரிந்தது.

1971 அக்டோபர் 1. லண்டனுக்கு அருகே விம்பிள்டனில் ஆட்கின்சன் மார்லி மருத்துவமனை. மூளையின் முன்பகுதியில் கட்டி இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு ஒரு பெண்மணி. தண்ணீர்ப் பெட்டிக்குள் ரப்பர் தொப்பி வழியாகத் தலையை நுழைத்துப் படுக்க வேண்டும். கதிர் ஒரு வரிசையில் 160 அளவு எடுக்கும், ஒரு டிகிரி திரும்பும், மறுபடி 160. இப்படி 180 முறை. மொத்தம் 28,800 அளவுகள். அவற்றை நாடாவில் பதிந்து, கணக்குப் போட்டு வந்த படத்தில் கட்டி வட்டமாகத் தெரிந்தது. ஹவுன்ஸ்ஃபீல்டும் கூட இருந்த ரேடியாலஜிஸ்ட் ஜேம்ஸ் ஆம்ப்ரோஸும் கோல் போட்ட பந்தாட்டக்காரர்கள் மாதிரி குதித்தார்களாம். அறுவை செய்தபோது படத்தில் கண்டது கண்டபடியே இருந்தது. ஊசி இல்லை, காற்று இல்லை, வாந்தி டிரே இல்லை. 1979ல் ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கார்மக்குக்கும் சேர்த்து நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இப்போது பழைய இடைஞ்சலை நினைத்துப் பாருங்கள். ஆரோக்கியமானவரைக் கூப்பிட்டுக் காற்றேற்ற முடியாதிருந்தது. சி.டி. ஸ்கேனுக்குக் கூப்பிடலாம்! சில நிமிடம் அசையாமல் படுத்தால் போதும்.

லண்டனின் வடமேற்கே ஹாரோவில் நார்த்விக் பார்க் மருத்துவமனை. அங்கே டிம் குரோவும் ஈவ் ஜான்ஸ்டோனும் கூட்டாளிகளும், மனநல மருத்துவமனையில் பல வருடமாகவே தங்கிவிட்ட 17 மனச்சிதைவு நோயாளிகளுக்கும், ஒப்பிட 8 ஆரோக்கியமானவர்களுக்கும் தலை ஸ்கேன் எடுத்தார்கள். 1976ல் லான்செட் இதழில் முடிவு வந்தது. நோயாளிகளின் மூளை அறைகள் பெருத்திருந்தன. யாருடைய அறை அதிகம் பெருத்திருந்ததோ, அவருடைய நினைவும் அறிவும் அதிகம் மங்கியிருந்தன. ஐம்பது வருடம் முன்னால் ஜேனாவில் கண்டதேதான். இப்போது ஒப்பீட்டுக்கு ஆள் இருந்தது.

சும்மா ஏற்றுக்கொள்வார்களா? மருந்தால் வந்திருக்கும் என்றார்கள். மின்னதிர்ச்சியால் இருக்கும், வருடக்கணக்கில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்ததால் இருக்கும் என்றார்கள். எல்லாமே நியாயமான கேள்விதான். 1979ல் அமெரிக்காவில் டேனியல் வைன்பெர்கர் குழு இதையே மறுபடி கண்டது. இடம், ஃப்ரீமன் தேடி ஓய்ந்த அதே செயின்ட் எலிசபெத்ஸ். பிறகு, புதிதாக நோய் வந்தவர்களிடமும் வித்தியாசம் தெரிந்தது. மருந்துக்கும் அதில் ஒரு சிறு பங்கு இருக்கலாம் என்பது பின்னால் எழுந்த விவாதம், இன்னும் ஓயவில்லை.

எனக்கு இந்தக் கதையில் மனத்தை மிகவும் தொட்டது 1990ல் வந்த ஆராய்ச்சி. அதில் வைன்பெர்கரோடு ஃபுல்லர் டோரி என்ற மனநல மருத்துவரும் இருந்தார். டோரியின் சொந்தத் தங்கைக்கே மனச்சிதைவு. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர் 15 ஜோடியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு ஜோடியிலும் ஒருவருக்கு நோய், மற்றவருக்கு இல்லை. எம்.ஆர்.ஐ. எடுத்து, யார் யாரென்று சொல்லாமல் படங்களை மட்டும் வைத்துப் பார்த்தார்கள். 15ல் 12 ஜோடியில் நோயாளி யார் என்று கண்ணால் பார்த்தே சொல்ல முடிந்தது. ஒரே அம்மா, ஒரே வீடு, ஒரே ரத்தம், ஒரே முகம். ஒருவன் மூளையில் நீர் அறைகள் பெரிது, உடன் பிறந்தவனுடையதில் சிறிது. 'மனச்சிதைவை உண்டாக்கும் தாய்' என்ற பேச்சுக்கு அதற்குமேல் எங்கே இடம்? அதற்குள் எத்தனை தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தபடியே கண்ணை மூடியிருப்பார்கள் என்று நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

இங்கேதான் ஒரு நுணுக்கம் இருக்கிறது. அந்த நோயாளிகளில் பலருடைய படத்தைத் தனியாக ஒரு ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்தால், "நார்மல்" என்றுதான் எழுதியிருப்பார். இரட்டையரின் படம் பக்கத்தில் இருந்ததால்தான் வித்தியாசம் தெரிந்தது. உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சராசரியாக ஆண்கள் பெண்களைவிட உயரம். சந்தேகமே இல்லை. ஆனால் "ஒருவர் உயரம் ஐந்தடி ஐந்து அங்குலம், ஆணா பெண்ணா?" என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? மூளை அறைகளின் அளவும் அப்படியே. நூறு நோயாளிகளையும் நூறு ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டால் வித்தியாசம் வரும். வரிசையில் நிற்கும் ஒரு பையனின் படத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. அவனுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஓர் இரட்டையன் இல்லை. "ஒண்ணுமில்லை" என்ற அறிக்கைக்கு அர்த்தம் இவ்வளவுதான்: கண்ணுக்குத் தெரிகிற கட்டி, ரத்தக்கசிவு, நீர்த்தேக்கம் இல்லை. நோய் இல்லை என்று அது சொல்லவில்லை.

இந்த நுணுக்கம் நீதிமன்றத்தில் என்ன பாடுபட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1981 மார்ச்சில் அமெரிக்க ஜனாதிபதி ரீகனை ஜான் ஹிங்க்ளி என்ற 25 வயது இளைஞன் சுட்டான். நம்மில் பலருக்கு அந்தச் செய்தி ஞாபகம் இருக்கும். அடுத்த வருடம் விசாரணையில் அவன் தரப்பு, மூளை சி.டி. ஸ்கேனைச் சாட்சியாகக் கொண்டுவந்தது. மூளையின் மடிப்புகளுக்கு இடையே இடைவெளி வயதுக்கு மீறி அகன்றிருக்கிறது, இது மனச்சிதைவு உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவது என்றார்கள். அரசுத் தரப்பு நிபுணர்கள், இது சாதாரணமானவர்களிடமும் இருக்கும் என்றார்கள். ஆரம்பத்தில் மறுத்த நீதிபதி கடைசியில் படத்தை அனுமதித்தார். புத்தி பேதலிப்பால் குற்றவாளியல்ல என்று தீர்ப்பு வந்தது. படம்தான் காரணம் என்று சொல்ல முடியாது, வேறு சாட்சிகளும் நிறைய இருந்தன. இரண்டு தரப்பும் சொன்னது உண்மைதான் என்பதுதான் விசேஷம்.

எம்.ஆர்.ஐ. கதை தனியாக எழுத வேண்டியது. காந்தத்தால் உடம்பின் நீரணுக்களைப் பேசவைக்கும் வித்தை. 1973ல் பால் லாட்டர்பர் முதல் படம் வெளியிட்டார். ஆரம்பத்தில் அதன் பெயரில் 'நியூக்ளியர்' என்ற சொல் இருந்தது. ஜனங்கள் அணுகுண்டை நினைத்துப் பயப்படுவார்கள் என்று அதை எடுத்துவிட்டார்கள். 1990ல் செய்ஜி ஓகாவா, மூளையில் ரத்தத்தின் ஆக்சிஜன் மாறுவதை அதே காந்தத்தால் பார்க்கலாம் என்று காட்டினார். யோசிக்கும்போது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்று வண்ணப் படம் வர ஆரம்பித்தது. யோசித்தால் மூளைக்கு ரத்தம் பாயும் என்பதை நூறு வருடம் முன்பே இத்தாலியின் ஆஞ்சலோ மோசோ கவனித்திருக்கிறார். பெர்ட்டினோ என்ற விவசாயிக்கு மண்டையில் ஒரு துளை. நண்பகலில் மாதாகோயில் மணி அடித்ததும் அந்த இடத்தில் துடிப்பு கூடியது. ஜெபம் சொல்ல வேண்டும் என்று நினைத்தாயா என்று கேட்டதற்கு ஆமாம் என்றாராம்.

அந்த வண்ணப் படங்கள் வந்ததும் எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. காதல் இங்கே இருக்கிறது, கோபம் அங்கே இருக்கிறது என்று பத்திரிகைகளில் வாராவாரம் வந்தது. 2009ல் கிரேக் பென்னட் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளரும் நண்பர்களும் ஒரு மீனை ஸ்கேனரில் வைத்தார்கள். செத்த சால்மன் மீன். அதற்கு மனிதர்களின் புகைப்படங்களைக் காட்டி, இவர் என்ன உணர்ச்சியில் இருக்கிறார் என்று முறைப்படி கேட்டார்கள். கணக்கில் வேண்டிய திருத்தத்தைச் செய்யாமல் விட்டபோது மீனின் மூளையில் ஓரிடம் 'வேலை செய்தது'! ஆயிரக்கணக்கான புள்ளிகளைச் சோதித்தால் தற்செயலாகவே சில பளிச்சிடும் என்பதைக் காட்டத்தான் அப்படிச் செய்தார்கள். 2022ல் நேச்சர் இதழில் வந்த ஆய்வு ஏறக்குறைய 50,000 பேரின் ஸ்கேன்களை அலசி, இருபது முப்பது பேரை வைத்து மூளைக்கும் மனத்துக்கும் முடிச்சுப் போடும் ஆராய்ச்சிகள் நிற்காது, ஆயிரக்கணக்கானோர் வேண்டும் என்று சொன்னது.

ஆகவே இன்றைக்கும் மனச்சிதைவு, மனச்சோர்வு, இருதுருவ நோய் எதையும் ஸ்கேன் எடுத்து உறுதி செய்வதில்லை. மருத்துவர் உட்கார்ந்து பேசி, கேட்டு, குடும்பத்தாரை விசாரித்துத்தான் முடிவுக்கு வருகிறார். "மூளை ஸ்கேன் வைத்து மனநோயைத் துல்லியமாகச் சொல்கிறோம்" என்று யாராவது பெரிய தொகை கேட்டால், பர்ஸை மூடி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் எதற்கு எடுக்கிறார்கள்? மனநோய் வேஷத்தில் வரும் வேறு நோய்களைப் பிடிக்க. இது நம் வயதுக்காரர்களுக்கு முக்கியம். 1957ல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் சாலமோன் ஹக்கீம் என்ற அறுவை மருத்துவரிடம், கார் மோதி அடிபட்ட 16 வயதுப் பையன் பேச்சு மூச்சில்லாத மந்தநிலையிலேயே கிடந்தான். மூளை அறைகள் பெருத்திருந்தன, ஆனால் நீரின் அழுத்தம் சாதாரண அளவில் இருந்தது. பரிசோதனைக்காக முதுகிலிருந்து கொஞ்சம் நீர் எடுத்தார். பையன் பேச ஆரம்பித்துவிட்டான். வயதானவர்களுக்கும் இது வரும்: கால் தரையில் ஒட்டிக்கொண்ட மாதிரி நடை, சிறுநீர் அடக்க முடியாமை, மறதி. வயசாயிடுச்சு என்று விட்டுவிடுவோம். ஸ்கேனில் அறைகள் பெருத்திருந்தால், அந்த நீரை வடியவிடும் குழாய் வைத்துச் சிலரை எழுப்பி நடக்கவைக்கலாம்.

அல்சைமர் நோய்க்கு 2004ல் பிட்ஸ்பர்க் ஆராய்ச்சியாளர்களும் ஸ்வீடன் நாட்டவரும் சேர்ந்து ஒரு வழி காட்டினார்கள். அகஸ்டே டீட்டரின் மூளையை வெட்டிப் பார்த்துக் கண்ட அந்தப் படிவுகளில் போய் ஒட்டிக்கொள்ளும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி, பெட் ஸ்கேனில் உயிரோடு இருப்பவரிடமே பார்க்கலாம். ஆனால் நல்ல ஞாபகத்தோடு இருக்கும் பல பெரியவர்களுக்கும் அந்தப் படிவு இருக்கிறது. எனவே, சும்மா தெரிந்துகொள்ள எடுத்துப் பார்ப்போமே என்று போகிற விஷயமில்லை.

எல்லாவற்றையும்விட எளிதாகக் கண்டுபிடிக்கக்கூடியது மூளை உறைக்கு அடியில் மெதுவாகச் சேரும் ரத்தம். வயதானால் மூளை சற்றுச் சுருங்குவதால் மேலே உள்ள சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கும். குளியலறையில் லேசாக இடித்துக்கொண்டாலே கசியும். அன்று ஒன்றும் தெரியாது. மூன்று நான்கு வாரம் கழித்து ஆள் குழம்புவார், பெயர் மாற்றிச் சொல்வார், தூங்கி வழிவார், எரிந்து விழுவார். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். எங்கள் தெருவில் எழுபத்திரண்டு வயதுப் பெரியவர் ஒருவர் மருமகளைத் திருடி என்று திட்ட ஆரம்பித்து, வீடே இரண்டுபட்டுக் கிடந்தது. எப்போதாவது விழுந்தாரா என்று கேட்டதில், ஒரு மாதம் முன்பு மாடிப்படியில் தலை இடித்ததைப் பேரன்தான் சொன்னான். சி.டி. எடுக்கப் பத்து நிமிடம் ஆகவில்லை. அறுவை முடிந்து நான்காம் நாள், ஆஸ்பத்திரிக்கட்டிலில் சாய்ந்துகொண்டு மருமகளிடம் பேப்பரும் மூக்குக்கண்ணாடியும் கேட்டு வாங்கினார்.